பர்லியாரிலும் சூடேறாத கை

எனக்கு ஊசி என்றால் பயம். ஆயுசில் பாதிக்கு மேல் ஊர் சனத்துக்கெல்லாம் குத்திக்கொண்டிருந்தவள் சொல்கிறேன், நம்புங்கள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் விடாமல் படுத்தியதால் குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். "கண்ண மூடிக்கோங்க பாட்டி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றாள். இதே எறும்பை நான் எத்தனை ஆயிரம் பேர் மேல் விட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியாது.

நானும் லேப் டெக்னீஷியனாக இருந்தவள்தான் என்றதும் அவளுக்கு ஒரே குஷி. பாட்டியாக இருந்தவள் அந்த நிமிஷமே மேடம் ஆகிவிட்டேன். உள்ளே கூட்டிப்போய்த் தன் மெஷினைக் காட்டினாள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. சின்னப் பிளாஸ்டிக் பட்டையில் ரத்தத்தை விட்டு உள்ளே தள்ளினால், ஒரு டீ வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் ரத்தத்தில் புரோகால்சிடோனின் என்ற பொருள் எவ்வளவு என்று எண் வந்துவிடுகிறது. வைரஸ் காய்ச்சலில் அது பெரும்பாலும் அசையாது. பாக்டீரியாத் தொற்று உடம்பு முழுவதையும் உலுக்கி, சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் படுக்க வைக்கும் நிலைக்குச் செப்சிஸ் என்று பேர். அப்போது இந்த எண் மளமளவென்று ஏறும். மருந்து பிடித்துக்கொண்டால் இறங்கும். என்னுடைய எண்ணில் பயப்பட ஒன்றுமில்லை.

"இதெல்லாம் இல்லாம எப்படி மேடம் செப்சிஸ் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். விடுகிற பெண்ணா அவள்? டெக்னீஷியன்கள் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று போன் மேல் போன். என் போன் அடிப்பதே அபூர்வம் என்பதால் நானும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் எடுத்தேன். கடைசியில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். கோயமுத்தூரில் லேப் படிப்பு. முடித்தபின் டவுன் லேப் ஒன்றில் கொஞ்ச நாள் குப்பி கழுவினேன். பிறகு மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. "குளிருக்குள்ள ஒத்தையா எப்படி அம்மிணி இருப்பே?" என்றார் அப்பா. ரெண்டே வருஷம் என்றேன். அந்த ரெண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. நடுவில் ஒரு மாப்பிள்ளை வந்தார். ரத்தமும் மலமும் தொடுகிற வேலை என்று அவர்கள் வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கும் மாப்பிள்ளையைப் பார்த்து அப்படித்தான் சுளித்தது. அத்தோடு அந்தப் பேச்சு போயிற்று.

ஆஸ்பத்திரி, குன்னூரிலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே இருந்தது. தகரக் கூரை, இரண்டு வார்டு, ஓரத்தில் என் லேப். லேபுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் முகம் நுழையாத அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக ஒரு கை வரும். மோதிர விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு பஞ்சை வைத்து அனுப்புவேன். அடுத்த கை வரும். கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல் நுனியில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்துக் காய்த்துப்போயிருக்கும். சில சமயம் ஊசி வளையும். கையை வைத்தே யார் என்று சொல்லிவிடுவேன். ரோட்டில் அதே ஆள் எதிரே வந்தால் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. ரத்தம் எடுக்கிற அம்மா என்றால் தெரியும், ருக்மணி என்றால் யாருக்கும் தெரியாது.

டாக்டர் தாமோதரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பம் கோயமுத்தூரில், அவர் மட்டும் மேலே. பேச்சில் கஞ்சன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் வாங்கமாட்டார். லேப் வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "என்ன சொல்லுது?" என்பார். நான் எண்ணைச் சொன்னால் முகம் கோணும். "நம்பரு கேக்கல. ரத்தம் என்ன சொல்லுதுன்னு கேட்டேன்." ஆரம்பத்தில் எனக்கு இது பற்றிக்கொண்டு வரும். ரத்தம் என்ன, ஜோசியக்காரக் கிளியா?

நோயாளியிடம் போனால் நாடி பார்ப்பதற்கு முன் காலைத் தொடுவார். பாதம் சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆனால் டாக்டர் தங்கள் காலைத் தொடுவதா என்று எஸ்டேட் சனம் பதறும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கூடச் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொள்வார். அவர் எட்டிப் பிடிப்பார். வார்டு ரவுண்டு என்பது தினமும் இப்படி ஒரு கால் பிடிக்கும் விளையாட்டாகத்தான் நடக்கும்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாத விஷயம் சிஆர்பி. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம் அது. அதைப் பார்க்க அட்டைப்பெட்டியில் ஒரு கிட் புதிதாக வந்திருந்தது. ரத்தத்தில் மேலே தெளிந்து நிற்கும் சீரம் ஒரு சொட்டு, பால் மாதிரி இருக்கும் லேடெக்ஸ் ஒரு சொட்டு, கறுப்பு ஸ்லைடில் விட்டுக் குச்சியால் கலக்கி மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். பால் திரிந்தது போலத் துணுக்குத் துணுக்காகப் பிரிந்தால் சிஆர்பி இருக்கிறது. பாலாகவே இருந்தால் இல்லை. பாட்டிலை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்து என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். எழுதினவன் அறை எந்த ஊரில் இருந்ததோ, எங்கள் அறையும் பிரிட்ஜும் ஒன்றுதான். அதனால் டெஸ்ட்டுக்கு முன் பாட்டிலை ஸ்வெட்டருக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு வேறு வேலை பார்ப்பேன். அடைக்கோழி என்பாள் ஸ்டெல்லா. எங்கள் சீனியர் நர்ஸ், வாய்க்காரி, நல்லவள்.

டாக்டருக்கு அந்த டெஸ்ட் மேல் மரியாதையே கிடையாது. "சளி புடிச்சாலும் ஏறும், கால் பெசகுனாலும் ஏறும். ரோட்டுல போற எல்லாத்தையும் பாத்துக் கொரைக்கிற நாய் அது" என்பார்.

"கொரைக்கவே கொரைக்காத நாய்க்கு இது தேவலைங்க சார்" என்பேன்.

அவர் நம்பியது ரத்தத் தடவலை. ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்துத் தடவி, உலர்த்தி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. மஞ்சு மூடிப் பனி இறங்கிய நாளில் தடவல் லேசில் உலராது. உலராததில் சாயம் ஏற்றினால் அணுவெல்லாம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மேஜை விளக்கின் பக்கத்தில் பிடித்து, வாயால் ஊதாமல், பொறுமையாக உலர்த்த வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு நிறையவே இருந்தது. வீட்டுக்குப் போய் யாருக்கு என்ன ஆக்கிப்போடப் போகிறேன்?

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலை கேட்பாரில்லாமல் தேங்குகிறது என்றார்கள். ஃபாக்டரிப் புகைபோக்கியில் புகை வராத நாட்கள் கூடின. சனம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்க ஆரம்பித்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பூட்டிய கதவுகள்தான் அதிகம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் போனார், அவர் வேலை என் தலையில் விழுந்தது. ஆம்புலன்சின் டயர்களைக் கழற்றிக் கொழுந்து லாரிக்கு மாட்டினார்கள். பாவம், அது கட்டை மேல் நின்றது.

குவார்ட்டர்ஸ் வரிசையில் என் வீட்டில் மட்டும்தான் அடுப்பு எரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வரை ஒரு சொல் பேச ஆள் இருக்காது. திங்கட்கிழமை முதல் கை ஜன்னலில் நீளும்போது "விரலைக் காட்டுங்க" என்பேன். குரல் துருப்பிடித்த கேட் மாதிரி கரகரக்கும். அந்த வருஷங்களில் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்படிப்பட்ட ஒரு ஆடி மாசத்துக் காலையில்தான் தவமணி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், முப்பது வயது இருக்கும். புருஷன் திருப்பூரில். அவளைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தது அவள் அம்மா மாரியாயி. சிலோன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கப்பலில் வந்து இறங்கிய தலைமுறை.

ஸ்டெல்லா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, இருக்க வேண்டியதற்கும் கீழே இருந்தது.

"காச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை சில்லுனு இருக்குதுன்னு கூட்டியாந்திருக்கு. இந்தக் குளிருல யாரு கை சுடுதாம்?" என்று தன் கையை மாரியாயி கன்னத்தில் வைத்துக் காட்டினாள். அவள் கையும் ஐஸ்தான்.

அது ஸ்டெல்லாவின் தப்பு இல்லை. மலைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைப்போம். கீழ்நாட்டில் ஒருத்தருக்குக் கை சில்லிட்டால் வீடே கூடிவிடும். எங்களுக்கோ அது வானிலை.

மாரியாயி விடவில்லை. "நேத்தெல்லாம் காச்சலு நெருப்பா கொதிச்சிச்சுங்க. காலையில சொகமாயிருச்சுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா புள்ள என்னென்னவோ கதைக்குதுங்க. ஊட்டுல இல்லாத மனுசன்கிட்ட கூடையை எடுத்துக் குடுங்குது."

டாக்டர் வந்தார். வழக்கம்போல் காலைத் தொட்டார். தவமணி காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் தொட்டதே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் அவர் அந்தப் பாதத்தைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "ஸ்டெல்லா, டீ கொண்டா. சுடச்சுட. டம்ளர் நெறைய" என்றார்.

டம்ளரைத் தவமணியின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மேலே தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். குளிரில் விறைத்த கை என்றால், அந்தச் சூட்டில் சிவந்து உயிர் வந்துவிடும். மலையில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது. டீ ஆறும் மட்டும் பிடித்திருந்துவிட்டு எடுத்தார். அவர் கை செக்கச்செவேல் என்றிருந்தது. அவள் கை அதே சாம்பல் நிறம். நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த இடம் வெளுத்தபடியே நின்று, வெகு நிதானமாகத்தான் நிறம் திரும்பியது.

"இது குளிர் இல்ல" என்றார். "ருக்மணி, நீ இங்க வா."

ஜன்னலை விட்டு வெளியே வந்து ரத்தம் எடுத்தேன். நரம்பு கிடைப்பதே பாடாக இருந்தது. சிறுநீர் சில சொட்டுத்தான் வந்தது. அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இடமே இல்லாமல் சீழ் அணுக்கள். கொழுந்து பறிக்கிற பெண்களிடம் இது அடிக்கடி பார்ப்பதுதான். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். தேயிலைக் காட்டில் வேலை வாங்கும் ஆம்பளை மேஸ்திரி நிற்பான். அதனால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு பறிப்பார்கள். ஆள் குறைந்த பிறகு இருக்கிறவர்களுக்கு மலை மலையாக வேலை. சிறுநீரில் தொற்று, அங்கிருந்து சிறுநீரகம், அங்கிருந்து ரத்தம்.

தடவலில் வெள்ளை அணுக்களுக்குள் கரும்புள்ளிகள் அப்பிக் கிடந்தன. முற்றாத பிஞ்சு அணுக்களையெல்லாம் எலும்பு மஜ்ஜை வெளியே தள்ளிவிட்டிருந்தது. உடம்பு கையில் கிடைத்ததை எடுத்துச் சண்டை போடுகிறது என்று அர்த்தம். இடுப்பிலிருந்து லேடெக்ஸ் பாட்டிலை எடுத்துச் சிஆர்பி போட்டேன். ஆட்டினேன், ஆட்டினேன். பால் பாலாகவே இருந்தது.

வாசலில் டாக்டர். "என்ன சொல்லுது?"

"ரெண்டும் ரெண்டு சொல்லுதுங்க சார். தடவல் ரொம்ப மோசங்குது. சிஆர்பி ஒண்ணுமே இல்லீங்குது."

அவர் உள்ளே வந்தார். வந்ததே அபூர்வம். மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கறுப்பு ஸ்லைடை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றார். சேர்ந்து யோசித்தோம். எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும். "தண்ணியாக்கிப் பாரு" என்று அவர் சொல்லும்போது நான் சலைனை எடுத்துக்கொண்டிருந்தேன்.

லேடெக்ஸில் மிதக்கும் பொடி மணிகள் ஒவ்வொன்றுக்கும் கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சிஆர்பி கிடைத்தால் இந்த மணி ஒரு பக்கமும் அந்த மணி மறுபக்கமும் பிடித்துக்கொண்டு கூட்டம் சேரும், பால் திரியும். சிஆர்பி அளவுக்கு மீறிப்போனால் ஒவ்வொரு மணிக்கும் எல்லாக் கையிலும் ஒன்று கிடைத்துவிடும். கல்யாண வீட்டில் ஆளுக்கு இரண்டு கையிலும் பை இருந்தால் யார் கையை யார் பிடிப்பது? கூட்டம் சேராது, டெஸ்ட் இல்லை என்று சொல்லும். படிப்பில் படித்ததுதான். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

சீரத்தைச் சலைன் கலந்து பாதியாக நீர்க்கவைத்து விட்டேன். லேசாகத் துணுக்கு தெரிந்தது. அதையும் பாதி. பளிச்சென்று திரிந்தது. அதிலும் பாதி, அதிலும் பாதி. என்னிடமிருந்த குழாய்கள் தீரும்வரை திரிந்துகொண்டே போயிற்று.

டாக்டர் மெல்லச் சொன்னார். "கொரைக்காம வந்து கடிச்சிருக்கு."

ஊசி மருந்தும் சலைனும் ஏற்றியாயிற்று. ஆனால் சிறுநீரகம் நின்றால் பார்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பாள். வண்டி? எஸ்டேட்டில் மிச்சம் இருந்தது தொரையின் ஜீப் ஒன்றுதான். தொரை என்றால் மேனேஜர். அவர் அதில் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் ஜீப்பின் முன்னால் போய் நின்றார். பின்னாலேயே ஓடிப்போன நானும் நின்றேன்.

"வண்டி வேணும்" என்றார்.

"காய்ச்சல்கூட இல்லைன்னு சொன்னாங்களே டாக்டர்?"

"அதுதான் பயமா இருக்கு."

டாக்டர் பயம் என்ற சொல்லைச் சொல்லி யாருமே கேட்டதில்லை. தொரை ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஸ்டெல்லா போனால் வார்டுக்கு ஆள் இல்லை. அதனால் கூடப் போக டாக்டர் என்னை அனுப்பினார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "அவ கைய விடாதே. நம்மகிட்ட இருக்கற மெஷின் அது ஒண்ணுதான். கை சூடாச்சுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். எந்த எடத்துல சூடாச்சுன்னு போனதும் அங்க சொல்லு."

டிரைவர் போஜன், நீலகிரிப் படுகர், நிதானமானவர். மாரியாயிக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுக்கிறவள். அதனால் முன் சீட்டில் தலையை வெளியே வைத்தபடி உட்கார்ந்தாள். பின்னால் பெஞ்சில் தவமணி, கீழே மண்டியிட்டாற்போல நான். சலைன் பாட்டில் கூரைக் கம்பியில் கட்டியிருந்தது. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அவள் கையை வைத்துக்கொண்டேன். மோதிர விரல் நுனியில் நான் எப்போதோ குத்தின தடம்கூட இருந்திருக்கும். ஆனால் ஒரு கையை, குத்துவதற்கு இல்லாமல் சும்மா பிடித்துக்கொள்வது எனக்குப் பழக்கமே இல்லை. எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

குன்னூரைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. அவளோடு பேசிக்கொண்டே வர வேண்டும், நினைவு தப்ப விடக்கூடாது என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். என்ன பேசுவது? முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்னூர், எங்கள் கிணறு, அப்பா செத்த சேதி எனக்குத் தாமதமாக வந்தது, ஞாயிற்றுக்கிழமைகள், ரேடியோ. யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவளுக்குக் காதில் விழாது என்ற தைரியம்தான். வளைவுக்கு வளைவு வாந்திச் சத்தத்துக்கு நடுவே மாரியாயி திரும்பி, "கை சூடாச்சுங்களா?" என்று கேட்டபடி வந்தாள். "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பர்லியாரில் போஜன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட நிறுத்தினார். மலை இறங்குகிறவர்களுக்குத் தெரியும், அங்கே வந்ததும் காற்று மாறிவிடும். பழக்கடை வரிசையில் எல்லாரும் ஸ்வெட்டர் இல்லாமல் வெறும் சட்டையோடு நின்றார்கள். போஜன் ஸ்வெட்டரைக் கழற்றினார். மாரியாயி கம்பளியை மடியில் சுருட்டினாள். நானும் சால்வையை எடுத்துவிட்டேன். உள்ளங்கையில் எனக்கு வியர்த்தது. அந்த வியர்வைக்குள் அவள் கை விடியற்காலைக் குழாயைத் தொட்டது மாதிரி சில்லென்று கிடந்தது. இனிமேல் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. "போங்க போஜண்ணா, போங்க" என்று கத்தினேன்.

கோயமுத்தூரில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என் கை சட்டென்று காலியாயிற்று. எங்கேயும் சூடாகவில்லை என்று அங்கிருந்த இளம் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அங்கே ரத்தத்தில் லாக்டேட் பார்க்கும் மெஷின் இருந்தது. உடம்பின் அணுக்களுக்குப் பிராணவாயு போய்ச் சேராதபோது சேரும் அமிலம் அது. இரண்டுக்குள் இருக்க வேண்டியது, ஏழைத் தாண்டியிருந்தது. "மறுபடி மறுபடி பார்ப்போம். இறங்குதான்னுதான் பார்க்கணும்" என்றார்.

ஆக, வாழ்க்கையில் முதல் தடவையாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ ஒரு டெக்னீஷியன். அவள் முகம் தெரியவில்லை, காகிதம் நீட்டும் கை மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷம் என் ஜன்னலுக்கு வெளியே இப்படித்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா? மாரியாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதம் வந்ததும், "என்ன சொல்லுதுங்க?" என்றாள். எண்ணைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்படியேதான் இருக்குதுங்க" என்றேன். இரண்டாவது காகிதமும் அப்படியேதான். மறுநாள் காலைக் காகிதம் பாதியாக இறங்கியிருந்தது. படித்துவிட்டு நான் அழுதேன். மாரியாயி பயந்துபோய் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நல்லதுதாங்க, எறங்குதுங்க" என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உள்ளே பார்க்க ஒருத்தரைத்தான் விடுவார்கள். மாரியாயி போய்விட்டு ஓடிவந்தாள். "கை சுடுதுங்க. தொட்டேன், சுடுதுங்க!" எனக்கும் ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. நான் யார், சொந்தமா பந்தமா? போஜன் ஜீப்போடு முதல் நாளே திரும்பியிருந்தார். நான் பஸ் ஏறி மேலே வந்தேன். டாக்டர் லேப் வாசலில் நின்றார். "பொழைச்சுக்குவாங்க சார்" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

தவமணி பிழைத்தாள். ஆனால் ரத்தம் போகாமல் கிடந்த வலது கையில் இரண்டு விரல்களின் நுனி கறுத்துப்போய், எடுக்க வேண்டியதாயிற்று. கொழுந்து கிள்ளுகிற விரல்கள். அதற்குமேல் தோட்டத்தில் அவளுக்கு வேலை ஏது? புருஷன் வந்து கீழேயிருந்தே திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மாரியாயியும் போனாள். லயத்தில் இன்னொரு கதவு பூட்டிற்று. டாக்டரும் அடுத்த வருஷம் கோயமுத்தூருக்குக் குடும்பத்திடமே போய்விட்டார். பிறகு ஆஸ்பத்திரியே வெறும் மருந்து கொடுக்கும் இடமாகச் சுருங்கியது. நான் குன்னூரில் ஒரு லேபுக்கு மாறினேன். அங்கேயும் அதே மாதிரி ஜன்னல்.

சில வருஷம் கழித்து, ஒரு நாள் அந்த ஜன்னலில் ஒரு கை வந்தது. இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே போனேன். அவள் சதை போட்டு, நல்ல சேலை கட்டி, பார்க்க நன்றாக இருந்தாள்.

"தவமணிதானே?"

"என்னையத் தெரியுங்களா?" என்று விழித்தாள். அவளுக்கு என்னை எப்படித் தெரியும்?

"எஸ்டேட் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

அவ்வளவுதான், உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள். மாரியாயி போய்ச் சேர்ந்துவிட்டாளாம். சொந்தக்காரர் ஒருத்தர் இன்னும் மேலே இருப்பதால் அவளுக்கு முப்பதாம் நாள் கும்பிட வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் சிறுநீர் எரிச்சல். பழைய பயத்தில் டெஸ்ட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். ரத்தம் எடுத்தேன். எடுக்கும்போது அவள் சொன்னாள்:

"எங்கம்மாதாங்க என்னையக் காப்பாத்துச்சு. கீழ எறங்குனது, ஆஸ்பத்திரியில கெடந்தது, ஒண்ணுமே ஞாபகமில்லீங்க. ஜீப்புல அம்மா என் கையப் புடிச்சிருந்தது மட்டும் இருக்கு. அம்மாம் சூடு அந்தக் கை. வழி நெடுக ஏதோ சொல்லிக்கிட்டே வந்துச்சு. என்ன சொல்லுச்சுன்னு தெரியல. செத்ததுலேருந்து மனசு சரியில்லாதப்பல்லாம் அந்தக் கையத்தாங்க நெனச்சுக்குவேன்."

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அம்மா முன் சீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், பிடித்திருந்தது நான், சொல்லிக்கொண்டு வந்தது என் அப்பாவைப் பற்றி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. செத்துப்போன ஒரு கிழவி மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. அவளுக்கு மகள் நினைவில் வேண்டிய மட்டும் இருக்கிறது, எனக்கு இருப்பது இது ஒன்றுதானே என்று.

தவமணி என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான் ஆமாம் என்று சொல்லக் காத்திருப்பது போல.

"ஆமா தவமணி, நாந்தான் பாத்தேனே" என்றேன். "உங்கம்மா கைய விடவே இல்ல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரிப்போர்ட்டில் லேசான தொற்றுத்தான், ரத்தம் வரை போகவில்லை. மாத்திரை போதும், தண்ணீர் நிறையக் குடி, அடக்கிவைக்காதே என்று சொல்லி அனுப்பினேன். படியிறங்கி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஜன்னலில் அடுத்த கை வந்து காத்திருந்தது. ஏதோ ஒரு கடைக்காரருடைய கை, தடிமனாக, சூடாக. அதைப் பிடித்தவள் பிடித்தபடியே இருந்துவிட்டேன்.

கொஞ்சம் பொறுத்து வெளியிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, இன்னும் குத்தலீங்களா?"